மாடு வாய் வைக்காத பச்சை

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை. போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் இறங்கி பஸ் பிடித்துப் போகவேண்டிய ஒரு சின்னக் குடியிருப்பில் நடந்தது இது.

அப்போது நான் ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் வைத்துக்கொண்டு, இந்தத் தீவுகளில் மாடு மேயும் நிலங்களில் பச்சை கூடுகிறதா, குறைகிறதா என்று வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சுனாமியில் கடல் புகுந்து, அதன்பின் நெல் விளையாமல் போன வயல்கள்தான் அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மேய்ச்சல் நிலம். கல்லூரியில் ரிமோட் சென்சிங் படித்துவிட்டுத் துடித்துக்கொண்டு வந்தவள் நான். கப்பலை விட்டு இறங்கியதும் நேரே கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம்.

தங்கியிருந்தது போர்ட் பிளேயர் ஓரத்தில், கராச்சர்மாவில், ஒற்றை அறை. வீட்டுக்கு வீடியோ கால் போட்டால் நெட் நின்று, அம்மாவின் முகம் பாதிப் பேச்சில் உறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதே, சாயங்காலம் கடையில் பால் பாக்கெட் கேட்கும்போது குரல் கரகரத்தால்தான் தெரியும். தீவுகளின் ஒவ்வொரு வளைவும், ஓடையும் மேலிருந்து பார்த்து எனக்கு மனப்பாடம். கீழே இருந்த ஒருவரைக்கூடத் தெரியாது.

அதற்கு முந்தைய வருடத்திலிருந்து எங்கள் வரைபடத்துக்கு இன்னொரு வேலையும் வந்திருந்தது. கோடைக்காலத்தில் சில குடியிருப்புகளுக்கு மாட்டுத் தீவனம் கொடுப்பார்கள். எந்த ஊருக்குத் தேவை, எந்த ஊருக்குத் தேவையில்லை என்று நாங்கள் பரிந்துரைக்க வேண்டும். முதலில் நான் சொன்ன குடியிருப்பு என் படத்தில் வருடத்துக்கு வருடம் அடர்பச்சையாகிக்கொண்டே வந்தது. 'மேய்ச்சல் நிலம் மீண்டுவிட்டது, தீவனம் தேவையில்லை' என்று எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை அறிக்கை போகவேண்டும். நேரில் சரிபார்த்ததாக நாலு புகைப்படம் மட்டும் பாக்கி. சாத்தம் படகுத்துறையில் ஃபெரி ஏறினேன்.

அங்கே ரோட்டோரம் நின்று போனில் இடக்குறிப்பு தேடிக்கொண்டிருந்தபோது, நாலு மாடுகளை ஓட்டிக்கொண்டு ஓர் அக்கா வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம்.

"மேடம்ஜி, டவர் வெக்க வந்தீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டார். நான் ஹிந்தியில் பதில் சொல்ல முயன்றதும் சிரித்துவிட்டார். "விடுங்க, விடுங்க. இந்த ஹிந்தியக் கேட்டாலே தெரியுது மெயின்லேண்டு தமிழ்னு."

அவருடைய பெற்றோர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். அவர் பிறந்தது இங்கே. காலை ஃபெரியில் பாலை டவுன் டீக்கடைகளுக்கு அனுப்பித்தான் குடும்பம் ஓடுகிறது. தமிழில் ஒருவர் கிண்டல் செய்து எத்தனை நாளாயிற்று! எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் என் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன்.

"இதுல எங்க வீடு எங்க?"

"இந்த வெள்ளைப் புள்ளிக்கா. தகரக் கூரை."

"என் மாடு?"

"மாடெல்லாம் தெரியாதுக்கா. ஒரு புள்ளின்னா பத்து மீட்டர்."

"அரே, பத்து மீட்டர்ல என் நாலு மாடும் நின்னு சண்டையே போடும். அதுகூடத் தெரியலேன்னா அது என்ன சேட்டிலைட்டு?"

நானும் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்திலேயே, நல்ல செய்தி சொல்கிற நினைப்பில், "உங்க மேய்ச்சல் நிலம் நல்லா தேறிடுச்சுக்கா. பச்சை கூடிட்டே வருது" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ இந்த வருஷம் சாரா கிடையாதா?"

சாரா என்றால் தீவனம். "தேறின இடத்துக்குத் தேவைப்படாதுன்னு..." என்று இழுத்தேன். நாலில் ஒன்று சினைமாடு; அவர் அதன் முதுகில் கை வைத்தார்.

"சரி, வாங்க. உங்க பச்சைக்கே ஓட்டிட்டுப் போவோம். இவங்க சாப்பிட்டா நீங்களே எழுதிக்கங்க."

என் படத்தில் மிக அடர்ந்த பச்சையாக இருந்த புள்ளிக்குப் போனோம். இடுப்புயரத்துக்குப் பெரணிச் செடி. உப்புத் தண்ணீர் நின்ற நிலத்தில் தடித்த இலைகளோடு மண்டிக் கிடந்தது. முன்னால் போன மாடு அதற்குள் நுழைந்தது. தலையைக் குனியவே இல்லை. நேராகக் கடந்து போயிற்று. பின்னால் வந்த மூன்றும் அப்படியே. அந்தப் பக்கம், நான் 'சீரழிந்த நிலம்' என்று சிவப்பு தீட்டி வைத்திருந்த மேட்டில் ஏறி, காய்ந்து பழுத்துக் கிடந்த புல்லைக் கடிக்கத் தொடங்கின.

அந்தமானில் வருடத்தில் பெரும்பகுதி மேகம். மேகமில்லாத படம் கிடைப்பது பிப்ரவரி, மார்ச்சில்தான். அதனால் எல்லா வருடத்துக்கும் அந்த மாதங்களின் படங்களையே எடுத்திருந்தேன். அந்த வெயிலில் புல் காய்ந்துவிடும். பச்சையாக நிற்பது மாடு தொடாத செடி மட்டும். நான் நிலம் தேறுகிறது என்று பெருமையாக எழுதிய ஒவ்வொரு வருடமும், பெரணி புல்லை மூடிக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் படிவத்தில் 'பச்சை உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது. 'மாடு தின்கிறதா' என்று ஒரு கட்டம் இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவளும் நான்தான்.

"என்ன மேடம்ஜி, எழுதலியா?" என்று அக்கா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலாம்.

அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் செய்தேன். "திங்கட்கிழமை அறிக்கை. இப்ப வந்து தப்புன்னா?" என்றார். "என் தப்பு சார். அப்படியே எழுதித் தரேன்" என்றேன். கத்தினார். ஆனால் பத்து நாள் கொடுத்தார். அந்தப் பத்து நாளும் காலை ஃபெரியில் போய் மாடுகளுக்குப் பின்னால் நடந்தேன். எங்கே தின்றன, எங்கே கடந்து போயின என்று ஒவ்வொரு புள்ளியாகக் குறித்து வரைபடத்தை முழுக்க மாற்றினேன். குடியிருப்பின் பெயர் தீவனப் பட்டியலில் நின்றது. தீவனம் வந்த அன்று அக்கா போன் செய்து, "உங்க சேட்டிலைட்டுக்கு இப்பதான் கண்ணு தெரியுது" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். முந்தைய வருடம் இதே முறையில் பாராடாங் தீவில் ஒரு குடியிருப்புக்கும் 'தேவையில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அது போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது.

அடுத்த வாரம், காப்புக்காட்டு வழியே வண்டிகளைக் கூட்டமாக விடும் கான்வாயில் காத்திருந்து, ஃபெரி கடந்து அங்கே போனேன். பச்சைப் புள்ளியில் பெரணிதான் நின்றது. பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டேன். வீட்டுக்கார அம்மா டீயே போட்டுக் கொடுத்தார். பின்பக்கத்துத் தொழுவத்தில் மாடு இல்லை, விறகு அடுக்கியிருந்தது. மாடு எங்கே என்று கேட்டதற்கு, "பேச் தியா" என்றார் சாதாரணமாக. விற்றுவிட்டார்களாம். போன கோடையில் ஊருக்குத் தீவனம் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது என்றார். யாருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். கோப்பையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

அந்த ஊரை அடுத்த அறிக்கையில் சேர்த்துவிட்டேன். இப்போதெல்லாம் காலால் நடந்து பார்க்காத இடத்துக்கு நான் நிறம் தீட்டுவதில்லை. ஆனாலும், 'நான்தான்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அந்த டீயைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேனே, அதை நினைத்தால் எத்தனை பேர் நடுவில் இருந்தாலும் இன்றும் நான் தனியாகிவிடுகிறேன்.