டயரின் பக்கத்தில் எழுதியிருந்த எண்

இனிமேல் கிளினிக்குக்கு வரமாட்டேன் என்று மனைவி சொன்னபோது, நான் வீதிக்குப் பொறுப்பான கந்தோருக்கு மூன்றாவது கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். மாவட்டக் கச்சேரியில் எழுதுவினைஞர்களுக்கு மேலே அதிகாரியாக முப்பத்தொரு வருடம் இருந்தவன். அப்படியான கடிதங்களுக்குப் பதில் போடாமல் விடுவது எப்படி என்று நானே பலருக்குப் பழக்கியிருக்கிறேன்.

அவளுக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை நடந்து எட்டு மாதமாகியிருந்தது. இடது காலை இன்னும் இழுத்துத்தான் நடந்தாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வவுனியாவில் டொக்டர் பார்த்து, அதற்கேற்ப மருந்தையும் பயிற்சியையும் மாற்ற வேண்டும். விட்டால் அந்த இழுவை அப்படியே நின்றுவிடலாம் என்று அவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆனால் போய்வந்தால் மூன்று நாள் படுக்கை. குலுக்கல் ஒவ்வொன்றும் நேரே முதுகில் இறங்குகிறது என்றாள். வீதியில் கிடக்கும் சின்னக் கல்லையும் அவள் எண்ணிச் சொல்லக்கூடியவளாக இருந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. வீதியைக் குற்றம் சாட்டிக் கடிதம் எழுதினேன். சீற்றைக் குற்றம் சாட்டி மெத்தை வாங்கிப் போட்டேன். பிறகு கராஜில் நான்கு ஷொக் அப்சோபரையும் மாற்றச் சொன்னேன். கராஜ்காரர் பழையவற்றைக் கொண்டுவந்து காட்டி, "இதுகளில ஒரு பிழையும் இல்லை ஐயா" என்றார். பிழை இல்லாததைக் கழற்ற முதல் அதைச் சொல்வதற்கென்ன என்று அவரையும் ஏசிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கெஞ்சியதில் ஒருமுறை மட்டும் வர ஒத்துக்கொண்டாள்.

"இதுதான் கடைசி. போன முறை மாதிரி இருந்தால், அடுத்த முறை நீங்களே போய் உங்கட காலைக் காட்டிப்போட்டு வாங்கோ."

விடிந்ததும் புறப்பட்டோம். அவள் காரில் ஏறி அமர ஐந்து நிமிடம் பிடிக்கும். உதவிக்குப் போனால் ஏச்சு விழும் என்பதால் என் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தக் கதவு வந்து மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆறு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது. முழுவதும் ஜப்பான் எழுத்து. அதனால் அது எனக்கானது இல்லை என்று விட்டுவிட்டிருந்தேன். அன்று குனிந்து பார்த்தேன். ஒரு டயரின் படம். பக்கத்தில் 220. கிலோபாஸ்கல். மனதில் கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு பி.எஸ்.ஐ.

காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று, வாங்கிய நாள் முதல் பாவிக்காமல் டிக்கியில் கிடந்தது. எடுத்து முன் டயரில் வைத்தேன். நாற்பத்துநாலு. மற்ற மூன்றும் அப்படியே. வெயிலில் காற்றுச் சூடேறி அழுத்தம் கூடிவிட்டது என்று சாட்டுச் சொல்லவும் வழியில்லை. இரவு முழுக்க அசையாமல் நின்ற கார். இத்தனை மாதம் என் மனைவியை, காற்றுக் கூடிக் கருங்கல்லாக இறுகிய டயரில் ஏற்றி வவுனியாவுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்!

"என்ன, ஏறாமல் நிக்கிறியள்?" என்றாள்.

"உம்மட முதுகை உடைச்சவன் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது. இரும், அவனை ஒருக்காப் பாத்திட்டுப் போவம்."

டயர் கடைக்காரரை ஊரில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அப்போதுதான் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு கழுதைகள் படுத்திருந்தன; ஹோன் அடித்தும் எழும்பவில்லை. நான் இறங்கி அவற்றைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"நானா, இது கார். ஐஸ் பெட்டியும் மீனும் ஏத்திக்கொண்டு கொழும்புக்குப் போற லொறி இல்லை. எந்த விசரன் இதுக்கு நாப்பத்துநாலு அடிச்சது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. காருக்குள் குனிந்து, "டீச்சர், சுகமா?" என்றார்.

"சுகமெண்டால் ஏன் நானா இந்த மனுசனோட விடியக்காலமை சுத்துறன்?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ" என்றேன்.

"நான்தான் அடிச்சன் சேர். நீங்கள் சொல்லித்தான் அடிச்சன்."

"நானோ?"

"புது டயர் போட்ட அண்டைக்கு. முப்பத்திரண்டு போடுறன் எண்டு நான் சொன்னன். நீங்கள் இந்தா, இந்த இடத்தில விரலை வைச்சு, 'கம்பனிக்காரன் எழுதி வைச்சிருக்கிறான், உமக்கு வாசிக்கத் தெரியாதோ' எண்டு கேட்டீங்கள்." அவர் முன் டயருக்குப் பக்கத்தில் குந்தி, புழுதியைப் பெருவிரலால் துடைத்துக் காட்டினார். "பிறகு மாசாமாசம் வந்து, ஒண்டு குறைஞ்சாலும் என்னோட கொழுவினீங்கள். நானென்ன செய்ய? சேர் படிச்ச ஆள்."

குனிந்து வாசித்தேன். நாற்பத்துநாலு என்றுதான் இருந்தது. அதற்கு முன்னால், அதே அளவு எழுத்தில், 'அதிகபட்சம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. இந்த டயர் தாங்கக்கூடிய உச்சம் அது; இந்தக் காருக்கு எவ்வளவு வேண்டும் என்பது அல்ல. எத்தனை சுற்றறிக்கைகளில் 'மேற்படாமல்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, வாசிக்கத் தெரியாத கழுதைகள் என்று எழுதுவினைஞர்களை ஏசியிருப்பேன். கந்தோர் வாகனங்களின் ஓட்டப் பதிவேட்டில் முப்பத்தொரு வருடம் கையெழுத்துப் போட்டேன். ஒருநாளும் ஒரு டயருக்குக் காற்றடித்ததில்லை. அதைச் சாரதிகள் செய்தார்கள்.

அந்தப் புது டயர்களை நான் வாங்கியதே அவளுடைய கிளினிக் பயணங்களுக்காகத்தான்.

காருக்குள் இருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன். கடைசியில் நானாவிடம்தான் கேட்டாள்.

"எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே நானா?"

"அண்டைக்கு நீங்களும் காருக்குள்ள இருந்தனீங்கள் தானே டீச்சர். நீங்களே வாய் திறக்கேல்லை. நான் ஆர் திறக்க?"

"இவரைக் கட்டி முப்பத்தெட்டு வருசம் திறக்காமல் பழகிப்போச்சு" என்றாள்.

நானா நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். அந்தச் சீறல் அடங்கும்வரை கழுதைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் கேஜால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றிலாவது அரைப் புள்ளி பிசகியிருந்தால் அவரை ஒரு சொல்லுச் சொல்லலாம். நான்கிலும் முப்பத்திரண்டு. எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்கும் ஒரு நடைமுறை தெரிந்தவன் நான். அதற்கு மட்டும் தெரியவில்லை.

எங்கள் தீவிலிருந்து தரைக்குப் போகும் பாலத்தில் ஏறும்போது வழக்கமாகக் கதவுப் பிடியை இறுக்கிப் பிடிப்பாள். பிடிக்கவில்லை. முருங்கன் ஊரைத் தாண்டியும் ஒரு முனகல் இல்லை. கண்ணை மூடியிருந்தாள். நித்திரையா கோபமா என்று கேட்கப் பயந்து, டயர் கம்பனிக்காரனை மனதுக்குள் ஏசிக்கொண்டு ஓட்டினேன். போடக் கூடாத எண்ணை எவரும் பார்க்கும்படி டயரிலேயே பதிக்கிறான். போட வேண்டியதை இன்னொருவன் கதவு இடுக்கில் ஒட்டி ஒளித்துவைக்கிறான். ஏசுவதில் நியாயம் இருந்தது. அது என்னைக் கொஞ்சமும் காப்பாற்றவில்லை.

கிளினிக்கில் டொக்டர் அவளுடைய பாதத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். பெருவிரலை அசைக்கச் சொன்னார். அசைந்தது, நெல்மணி அளவு. இதற்குள் இன்னும் அதிகமாக அசைந்திருக்க வேண்டும் என்றார்.

"பயணத்தில குலுக்கம் கூடவோ?"

எட்டு மாதக் குலுக்கத்தை விளக்க நான் வாய் திறந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"இண்டைக்கு இல்லை டொக்டர்."

"அப்ப ஆறு கிழமையில கட்டாயம் வரவேணும். இடையில விடக் கூடாது. வருவீங்கள் தானே?"

"வாறன். டயர் கடையில இவர் வாய் திறக்கக் கூடாது எண்டு இதில எழுதித் தாங்கோ. அப்ப வாறன்." கிளினிக் கொப்பியை நீட்டினாள்.

டொக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. எழுதும்வரை அவள் எழும்பமாட்டாள் என்று எனக்கு விளங்கியது. டொக்டருக்கு இன்னும் விளங்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, நான்தான் அவரிடம் கொடுத்தேன்.