கறுப்புக் கரை வைத்த பிறந்தநாள் கார்ட்

முதலில் கண்டுபிடித்தது நானும் இல்லை, டொக்டரும் இல்லை. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் தர்ஷினிதான்.

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் படிகளை இறங்கி, ஸ்கூலுக்குப் போகும் பஸ்ஸுக்காகத் தெருவைக் கடந்துகொண்டிருந்தோம். அவள் கை என் வலது கைக்குள் இருந்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டு, "அப்பா, ஏன் கைய விட்டீங்க?" என்று கேட்டாள்.

"நான் எங்க விட்டேன்?" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ சத்தம் வந்தது. ஒரு முச்சக்கரவண்டி எங்களுக்கு ஒரு முழம் தள்ளி பிரேக் அடித்து நின்றது. ஓட்டியவர் நன்றாகத் திட்டினார். நான் சரிந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு அவரே இறங்கி வந்து, என்னைத் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ இப்படி விழுந்திருக்கலாம். "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொல்லி உங்களை வெளியே அனுப்பியிருப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அது எவ்வளவு பிழை என்று பிறகுதான் தெரிந்தது. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். எனக்கு விளங்கியதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் சொன்னபேச்சுக் கேட்காமல் போவது). அடைப்பு மூளையின் இடது பக்கத்தில். போனது வலது கையும் வலது காலும். இடது மூளைதான் வலது உடம்பை நடத்துகிறதாம். இந்தக் குறுக்கு ஏற்பாட்டைச் செய்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வார்ட்டில் டொக்டர் கேட்டார். அவர் சிங்களவர், தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். "பிரஷர் மாத்திரை போட்டதா?"

"போட்டேன் டொக்டர். பிறகு உடம்பு நல்லா இருந்திச்சு, நிப்பாட்டிட்டேன்."

"நல்லா இருந்தது மாத்திரையால," என்றார் அவர்.

என் மனைவி செல்வி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். "என்கிட்ட தெனமும் போடுறேன்னுதானே சொன்னீங்க?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் வீட்டில் யாராவது மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தினால் சத்தம் போடுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

சில நாளில் பேச்சு திரும்பியது. சில வாரத்தில் கைத்தடியோடு நடந்தேன். கை மட்டும் வரவில்லை. வீட்டில் தர்ஷினி என் இடது பக்கமாக மட்டுமே வந்து உட்கார்ந்தாள். வலது கை அவள் பக்கம் தற்செயலாகத் திரும்பினாலும் தள்ளி உட்காருவாள். நடுத்தெருவில் தன்னை விட்ட கை அல்லவா. அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அதன்மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் கையை அவள் திரும்பவும் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

கைக்காக என்னைத் தொழில்வழிச் சிகிச்சைக்கு (அன்றாட வேலைகளைச் செய்ய வைத்தே உறுப்புகளைப் பழக்குவது) அனுப்பினார்கள். அங்கே இருந்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட இளையவர்.

"அண்ணை, நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"கந்தோர்ல சீல் குத்துறேங்க மிஸ். இருபது வருசமா."

"அப்ப சுகம். ஒரு வாழ்த்து மட்டை செய்வம். மடிக்கிறது, அச்சுக் குத்திறது, எல்லாம் இருக்கு."

"மிஸ், எனக்கு நோய் கையில. தலையில இல்ல."

"நோய் தலையிலதான் அண்ணை," என்று சிரித்தார். "கை பாவம், அதுக்கு ஒண்டும் தெரியாது."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நாளுக்கு நூறு கடிதத்துக்கு முத்திரை குத்திய ஆளை உட்கார வைத்து, தடித்த தாள் ஒன்றும் பாதி வெண்டிக்காயும் கொடுக்கிறார்கள். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் வெட்டு முகம் பூ மாதிரி இருக்கும். அதை மையில் தொட்டுத் தாளில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதற்கு முன்னால் தாளை இரண்டாக மடிக்க வேண்டும். ஓரமும் ஓரமும் சேரவேண்டும். சேராது. இடது கை நைசாக உதவிக்குப் போகும். "அண்ணை, உந்தக் கை களவா வேலை செய்யுது" என்று மிஸ் அதற்கு ஒரு சொக்ஸை மாட்டிவிட்டார். கையில் சொக்ஸோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஐயா ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் அவருக்கும் மாட்டினார்கள்.

வெண்டிக்காயைப் பிடித்ததும் பழக்க தோஷத்தில் ஓங்கிக் குத்தினேன். அது நசுங்கி விதை தெறித்தது.

"குத்தாதேங்கோ. வையுங்கோ, அமத்துங்கோ, எடுங்கோ."

வைக்கவும் அமத்தவும் முடிந்தது. எடுக்கத்தான் முடியவில்லை. விரல்கள் வெண்டிக்காயைப் பிடித்தது பிடித்தபடி நின்றன. இதற்குத் தசை இறுக்கம் (சுருங்கிய தசை விரியச் சொன்னாலும் விரியாமல் இருப்பது) என்று பெயர். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளையை விட்ட கை, விட வேண்டிய நேரத்தில் ஒரு வெண்டிக்காயை விடமாட்டேன் என்கிறது. எனக்கு அதை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிப்பதற்கும் அந்தக் கைதான் வேண்டும்.

தர்ஷினியின் பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. கார்டை அவளுக்கே கொடுப்பது என்று முடிவு செய்தேன். வலது கையால் மட்டும். செல்வி தையல் கடைக்கும் மகள் ஸ்கூலுக்கும் போன பிறகு, மேசையில் உட்கார்ந்து பழகினேன். "வீட்டுல ஒரு வெண்டிக்காய் மிச்சமில்ல, குழம்புக்கு உங்க கையையா வெட்டிப் போடுறது?" என்று செல்வி கேட்டாள். பழகுவது அவளுக்குத் தெரியும், கார்ட் யாருக்கு என்று தெரியாது.

ஒரு முற்பகலில் இரண்டு பூ. சில நாளில் ஒன்றும் இல்லை. கடைசியில், நல்ல தாள் ஒன்றை ஓரளவு நேராக மடித்து, முன்பக்கம் நான்கு ஓரமும் பூவாக வைத்து முடித்தேன். நடுவில் பேர் எழுத இடம் விட்டேன். காய்வதற்காக அலுமாரியில், சேலைகளுக்கு மேல் வைத்தேன். இருபது வருடத்தில் ஒரு முத்திரையையும் நான் அவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

அன்று பின்னேரத்திலிருந்து தர்ஷினி சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்றாள். இரண்டாம் நாள் சமையலறையில் அவள் தாயிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

"அம்மா, அப்பாவுக்கு டொக்டர் நாள் சொல்லிட்டாங்களா?"

"என்னடி உளர்ற?"

"அலுமாரியில பத்திரிகை இருக்கே."

செல்வி அலுமாரியைத் திறந்து கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "என்னங்க இது! உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? சுத்திக் கறுப்புக் கரை போட்டு வச்சிருக்கீங்க!"

அப்போதுதான் நானே பார்த்தேன். வீட்டில் இருந்த மை, கந்தோரிலிருந்து என்றோ கொண்டுவந்த பழைய கறுப்பு மைப் பெட்டிதான். அதில் தொட்டுத்தான் அத்தனை பூவும் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் கறுப்புக் கரை போட்டு அச்சடிப்பது மரண அறிவித்தலைத்தான். தெருக் கம்பங்களில் ஒட்டியிருப்பதைத் தர்ஷினி தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறாள்.

"பூத்தானே வச்சிருக்கேன்," என்றேன்.

"கறுப்புப் பூவா?"

தர்ஷினி கதவுக்குப் பின்னால் நின்றாள். "அப்ப அது அப்பாவுக்கு இல்லையா?"

"எனக்கு இல்லம்மா. உனக்குத்தான்."

"எனக்கா!" அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொறந்தநாளுக்கு!" என்று கத்தினேன். "ஒன் பொறந்தநாள் கார்ட் அது! மூணு வாரமா செய்றேன்!"

பிறகு தர்ஷினிக்குக் கோபம் வந்தது. பயந்த பிள்ளைக்கு வரும் கோபம். "கடையில வாங்கியிருக்கலாமே அப்பா. இல்லாட்டி என்கிட்ட கலர் கேட்டிருக்கலாமே."

"வேற ஒண்ணு செய்றேன்." சொல்லும்போதே களைப்பாக இருந்தது. பிறந்தநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அவள் சமையலறைக்குப் போய், ஒரு பீரிசில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். "நாலு மூலையிலயும் வைங்க. கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரி. அப்ப நல்ல விசயம்னு தெரியும்."

இடது கையை நீட்டினேன்.

"அந்தக் கை இல்ல. இத செஞ்ச கை."

வலது கையின் ஆட்காட்டி விரல் மடங்கிக் கிடந்தது. அவள் சற்று நேரம் அதைப் பார்த்தாள். பிறகு தன் கையால் அதை நிமிர்த்தி, மஞ்சளில் தோய்த்து, மூலைக்குக் கொண்டுபோனாள். தெருவில் விட்ட பிறகு அவள் அந்தக் கையைத் தொட்டது அன்றுதான். ஒரு மூலை. இரண்டு. மூன்று. நான்காவதில் என் விரல்கள் எல்லாம் மடங்கி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டன.

"அப்பா, கைய விடுங்க."

"நான் என்ன செய்ய? அது விடமாட்டேங்குது."

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. திரும்ப இழுத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். செல்வி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிடும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. கையின் கதை முடியவில்லை. கந்தோரில் இடது கையால் முத்திரை வைக்கிறேன். சட்டையில் நான்கு பொத்தானை வலது கை போடும், ஐந்தாவதற்கு அதற்கு மனம் வராது. முன்பு நான் நினைத்ததும் கை போய்விடும், இரண்டுக்கும் நடுவில் நேரம் இருப்பதே தெரியாது. இப்போது அந்த நேரம் தெரிகிறது. சில நாள் அது ஒரு தேத்தண்ணி ஆறும் அளவு நீளம்.

காலையில் தெருவைக் கடக்கும்போது நான் அவள் கையைப் பிடிப்பதில்லை. அவள்தான் என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்க்கிறாள். என் நடை வேகத்துக்கு, முதலில் வரும் பஸ் எப்படியும் போய்விடும்.

"உங்களாலதான்ப்பா," என்று திட்டுகிறாள். மணிக்கட்டை விடுவதில்லை.

அடுத்த பஸ் வரும்வரை நான் விரல்களைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கிறேன். அவள் எண்ணுகிறாள்.