அம்மாவின் பெயருக்கு 466

இன்று காலை அம்மாவோடு ஹட்டனில் ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் இஸ்ரேலிலிருந்து வந்த ஓர் இளைஞர்.

ஹீப்ருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டாம். எந்தப் பெயரையும் அந்த எழுத்துகளில் எழுதி, எண்களைக் கூட்டி, அதே தொகை வரும் சொற்களைத் தேடுவார்களாம். அம்மாவின் பெயரைக் கேட்டார்.

"சிவகாமி" என்றேன்.

நோட்டில் ஆறு எழுத்துகள் எழுதினார். ஒவ்வொன்றின் எண்ணையும் அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். முந்நூறு, பத்து, ஆறு, நூறு, நாற்பது, பத்து.

"மொத்தம் 456" என்றார்.

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பவேயில்லை. "பத்து கொறையுதுன்னு சொல்லு."

தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மறுபடி கூட்டினார். 466!

"உங்கள் அம்மா கணக்கு டீச்சரா?"

"இல்லை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார்."

அவர் கேட்டதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். "முப்பது வருசமா தெனம் மூணு தடவ கொழுந்து நிறுக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் தராசுல சொல்றத மனசுலயே கூட்டி வச்சிக்கணும். இல்லாட்டி அந்தியில கொறச்சு எழுதிட்டு, நம்மளயே பொய்க்காரியாக்கிருவாங்க."

அடுத்து என் பெயரை எழுதினார். இம்முறை கூட்டி முடித்ததும் நோட்டைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

பெயருக்கு என்ன பலன் என்று எனக்குத் தெரியாது. கூட்டலில் சந்தேகம் உள்ளவர்கள் கமெண்டில் போடுங்கள். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்.