குழவி கட்டிய சைக்கிள்

மேட்டுக்கொட்டாயிலிருந்து நல்லம்பள்ளி ரோட்டு முனைக்கு ஒன்பது கிலோமீட்டர். பால் லாரி காலை ஏழரைக்கு அங்கே வந்து நிற்கும், எட்டு மணிக்குக் கிளம்பிவிடும். யாருக்காகவும் நிற்காது. எங்கள் ஊர்ப் பாலை அந்த லாரியில் சேர்ப்பது சின்னப்பராஜ் அண்ணனின் வேலை. எழுபத்து நான்காம் வருஷம் ஆடி மாதத்தில் அவர் இரண்டு தடவை லாரியைத் தவறவிட்டார். இரண்டு தடவையும் பின்சக்கரத்துக் கம்பி அறுந்ததுதான் காரணம். திரும்பக் கொண்டுவந்த பால் திரிந்துபோனது. இன்னொரு தடவை தவறினால் கேனை முனியப்பனிடம் கொடுத்துவிடுவோம் என்று பால் சங்கத் தலைவர் மாதப்பன் சொல்லிவிட்டார். முனியப்பன் மேலத்தெருக்காரன். புது சைக்கிள் வைத்திருந்தான்.

சின்னப்பராஜ் அண்ணனுக்கு நிலம் கிடையாது. மூன்று பிள்ளைகள். பால் சுமக்கும் கூலிதான் வீட்டில் அடுப்பெரியக் காரணம். அது போனால் கல் உடைக்கப் போக வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை கல் குவாரியில் இருந்து விரல் நசுங்கி வந்தவர் அவர்.

அவருடைய சைக்கிளைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். கேரியரின் இரண்டு பக்கமும் கொக்கியில் பக்கத்துக்கு ஒரு பால் கேன் தொங்கும். வலது கேனுக்கு மேல், கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஆட்டுக்கல் குழவி ஒன்று உட்கார்ந்திருக்கும். அது அவர் மனைவி ரோசம்மாவின் ஆட்டுக்கல்லில் இருந்த குழவி. ரோசம்மா மூன்று வருஷமாகப் பக்கத்து வீட்டு லூர்தம்மாளின் ஆட்டுக்கல்லில்தான் மாவாட்டினார்.

குழவி எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். சங்கம் ஆரம்பித்தபோது மேலத்தெருக்காரர்கள் ஒரு பேச்சு பேசினார்கள். எங்கள் கீழத்தெரு மாதாகோவில் தெரு. எங்கள் தாத்தாக்கள் மேலத்தெருவின் காட்டில் கூலிவேலை செய்தவர்கள். எங்கள் பாலும் அவர்கள் பாலும் ஒரே கேனில் போகக்கூடாது என்பதுதான் அந்தப் பேச்சு. சண்டை எதுவும் நடக்கவில்லை. மேலத்தெருப் பால் இடது கேனில், கீழத்தெருப் பால் வலது கேனில் என்று முடிவாயிற்று. மேலத்தெருவில் மாடுகள் அதிகம். இடது கேனில் முப்பத்தெட்டு லிட்டர் சேரும். வலது கேனில் பதினாலு லிட்டர் சேர்ந்தால் பெரிய விஷயம். அப்படி ஒரு பக்கமாகச் சாயும் சைக்கிளை ஓட்ட முடியாது. அதனால்தான் குழவி. இருபது கிலோவுக்குக் குறையாது.

லாரியில் என்ன செய்கிறார்கள் என்று சின்னப்பராஜ் அண்ணன் தினமும் பார்த்தார். இரண்டு கேன் பாலையும் சோதித்துவிட்டு ஒரே பாத்திரத்தில் கவிழ்த்தார்கள். அதை அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது தடவை லாரி தவறிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மாதாகோவில் பூசை முடிந்ததும் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தருமபுரிக்குப் போனார். மகள் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைக்க ரோசம்மா சேர்த்து வைத்திருந்த நாற்பத்தைந்து ரூபாய் மடியில் இருந்தது. கொடுக்கும்போது ரோசம்மா ரூபாயை இரண்டு தடவை எண்ணினாராம். அதுதான் அவருக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

சைக்கிள் கடைக் காளியப்பன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸைப் பிடித்தார். சக்கரம் நேராக இருந்தால் கோடு முழு வட்டமாக விழும். இங்கே ஒரு சாண் விழுந்தது, இரண்டு சாண் விழவில்லை. முன்சக்கரமும் அப்படியே ஆடியது. இதற்கு மேல் கோட்டம் எடுக்க முடியாது, எடுத்தால் ரிம் பிளந்துவிடும் என்றார். பிறகுதான், லாரிக்குக் கொண்டுபோகும் சுமையைக் காட்ட அண்ணன் எடுத்துவந்து கீழே இறக்கி வைத்திருந்த கயிற்றையும் குழவியையும் பார்த்தார்.

"இது என்னாத்துக்கு? லாரிக்காரரு மாவாட்டிக் குடுக்கச் சொன்னாருங்களா?"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சின்னப்பராஜ் அண்ணனும் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். காளியப்பன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மூன்று ஜோடி சக்கரங்களை எடுத்துப் போட்டார். முதல் ஜோடி புதியது. சுமை வண்டிக்கென்று தடிக்கம்பி கோத்தது. எண்பத்தைந்து ரூபாய். குழவியோடு இன்னொரு குழவியையும் கட்டலாம் என்றார். அதைக் கையால் தொட்டுவிட்டு சின்னப்பராஜ் அண்ணன் தள்ளி வைத்தார். இரண்டாவது ஜோடி கண்ணாடி போல மின்னியது. முப்பதே ரூபாய். அவர் கண் அதன் மேலேயே நின்றது. மீதிப் பதினைந்து ரூபாய்க்குக் கவுன் துணி வாங்கிவிடலாம். காளியப்பன் அந்த ரிம்மை இரண்டு கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். தகரம் போல உள்ளே போய்த் திரும்பியது. அது காலேஜுக்குப் போகிற பையனுக்கு, பாலுக்கு அல்ல என்றார்.

மூன்றாவது ஜோடி கறுத்துப்போன பழைய ரிம். ஏதோ ஆபீஸ் சைக்கிளை ஏலத்தில் எடுத்துப் பிரித்தது. வெளியே பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும் உள்பக்கம் துரு இல்லை. கனமான இரும்பு. அதில் புதுக்கம்பி கோத்துக் கொடுத்தால், அவருடைய பழைய டயரையே மாட்டிக்கொண்டு, நாற்பத்திரண்டு ரூபாய். கம்பி மட்டும் சாதாரணக் கம்பி.

எவ்வளவு தாங்கும் என்று சின்னப்பராஜ் அண்ணன் கேட்டார். காளியப்பன் கணக்குப் போட்டார். பால் ஐம்பத்திரண்டு, கேன் பன்னிரண்டு. அறுபத்தைந்து கிலோ வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கவேண்டும்.

"கொழவியக் கட்டுனா?"

"கட்டுனா எண்பத்தஞ்சு ஆகுதுங்க. கம்பி ஒண்ணொண்ணா போவும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

சக்கரம் கோத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. கடைசியில் காளியப்பன் ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே சத்தம் கொடுத்தன. அந்தச் சத்தம் வீடு வரும்வரைக்கும் தன் காதிலேயே இருந்தது என்று அண்ணன் சொன்னார். ஆனால் கூடவே இன்னொன்றும் இருந்தது. குழவி இல்லாமல் சமமாக வேண்டுமென்றால் இடது கேன் பாலில் பன்னிரண்டு லிட்டரை வலது கேனில் ஊற்றவேண்டும். அதற்கு வேறு வழி இல்லை.

அன்று இரவு ரோசம்மாவிடம் கேட்டார். தப்பாகிவிடுமோ என்றார்.

ரோசம்மா, "ஏங்க, பாலு என்ன ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டா வருது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து ஊற்றச் சொன்னார்.

மறுநாள் குழவியை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊரைத் தாண்டினார். ஏரிக்கரை திருப்பத்தில் புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். முன்னும் பின்னும் பார்த்தார். அளவுக் குவளையால் அவசரமாக மொண்டு ஊற்றும்போது பால் கொஞ்சம் மண்ணில் சிந்தியது. அதைக் காலால் தேய்த்து மறைத்தார். பிறகு ஏறி மிதித்தார். சைக்கிள் காற்று மாதிரிப் போனது. ஏழே காலுக்கெல்லாம் ரோட்டு முனையில் நின்றார். லாரியே இன்னும் வரவில்லை.

இப்படிப் பதினோரு நாள். ஒரு கம்பியும் அறவில்லை. ஆனால் ஏரிக்கரையில் நிற்கும் அந்த ஐந்து நிமிஷமும் ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஆடு மேய்ப்பவர்கள் வந்தால் டயரில் காற்று பார்ப்பது போலக் குனிந்துகொள்வார். பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை.

அவரைக் காட்டிக்கொடுத்தது கண்ணால் பார்த்த ஆள் இல்லை, கேன் மேல் இல்லாத குழவிதான். போகும்போது வீட்டில் கட்டிக்கொள்வார் என்றே அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் பால் ஊற்றும் இடத்தில் மாதப்பன் நோட்டில் அளவு எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி சைக்கிளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொழவி எங்கப்பா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். வீட்டில் இருக்கிறது என்றார் அண்ணன்.

"கொழவி இல்லாம எப்பிடி ஓட்டுற?"

பொய் சொல்லியிருக்கலாம். வலது பக்கம் வேறு ஏதோ வழியில் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன், "ஏரிக்கரையில சரிபாதியாப் பிரிச்சு ஊத்திக்கிறனுங்க. சக்கரம் தாங்கலைங்க" என்று சொல்லிவிட்டார்.

மாதப்பன் கத்தவில்லை. பேனாவை மூடினார். ஒன்று குழவியைக் கட்டு, இல்லையென்றால் கேனை முனியப்பனிடம் கொடு என்றார். முன்பே சொன்னபடி மூன்றாவது தடவை லாரி தவறினாலும் அதேதான் என்றும் சேர்த்துக்கொண்டார். அண்ணன் திரும்பிப் போய்க் குழவியை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் கட்டினார்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் ரோட்டு முனைக்குச் சற்று முன்னால் 'டிங்' என்று கேட்டது. இறங்கிப் பார்த்தார். இடது பக்கக் கம்பி ஒன்று. அதைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். தருமபுரிக்குப் போய்வர அன்று முடியவில்லை. மூன்றாம் நாள் கிளம்பும்போதே ரிம் பிரேக் கட்டையில் உரசியது. ஏரிக்கரை தாண்டுவதற்குள் இன்னும் இரண்டு கம்பி போயின. சக்கரம் சுற்றச் சுற்ற உரசும் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. சூரியன் எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே மிதித்தார். நேரமாகிவிட்டது.

கல்லோடைப் பள்ளத்தில் எப்போதும் இறங்கித் தள்ளுவார். அன்று தள்ளினால் லாரி போய்விடும். ஏறியபடியே இறக்கத்தில் விட்டார். பாதிப் பள்ளத்தில் நாலைந்து கம்பி ஒன்றாக அறுந்தன. சக்கரம் அப்பளம் மாதிரி மடங்கியது. சைக்கிள் இடது பக்கமாகச் சாய்ந்தது. இடது கேன் அடியில் மாட்டிக்கொண்டு மூடி தெறித்தது. முப்பத்தெட்டு லிட்டர் பாலும் ரோட்டில் ஓடியது. வலது கேன் மேலே இருந்ததால் அப்படியே தப்பித்தது. கயிறு அறுந்து குழவி உருண்டு ஓடைக்குள் போய் விழுந்தது.

முழங்கை கிழிந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வலது கேனைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மீதி இரண்டு கிலோமீட்டரும் ஓடினார். லாரிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தார். எங்கள் தெருப் பதினாலு லிட்டர் மட்டும் அன்று சேர்ந்தது. முழங்கையில் ரத்தத்தைப் பார்த்த லாரிக்காரர் அன்று மட்டும் பள்ளம் வரை வண்டியைத் திருப்பி, அவரையும் மடங்கிய சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தருமபுரியில் காளியப்பன் கடையில் இறக்கிவிட்டார். காளியப்பன் முழங்கையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார். ரிம் மடங்கியிருந்ததே தவிர பிளக்கவில்லை, நிமிர்த்திவிட்டார். கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஊர் முழுக்க அதே பேச்சு. லாரி தவறவில்லை என்று எங்கள் தெருவும், பால் போய்விட்டதே என்று மேலத்தெருவும் சொன்னன. மறுநாள் காலையில் பால் ஊற்றும் இடத்துக்கு மாதப்பன் முனியப்பனை வரச் சொல்லியிருந்தார். சின்னப்பராஜ் அண்ணனும் சைக்கிளோடு வந்து ஓரமாக நின்றார். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தாராம். கேன்களை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று.

முனியப்பன் இரண்டு கேனையும் பார்த்தான். தன் சைக்கிளையும் பார்த்தான். வேறு குழவி தேடவேண்டுமா என்று கேட்டான். ஆமாம் என்றார் மாதப்பன்.

"வேற ஆளப் பாருங்க மாமா. எம் புது சைக்கிள்ல கொழவியக் கட்டிக்கிட்டு நான் போமாட்டன். பொண்ணு பாக்குற எடத்துல சிரிப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் அடுத்து ஊற்றவேண்டியவர் மாதப்பனின் மனைவி ராணியம்மாள். நாலு மாடு கறக்கிறவர் அவர். முந்தின நாள் ரோட்டில் ஓடியதில் பதினொரு லிட்டர் அவருடையது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் கேன்கள் பக்கம் போனார். இடது கேனைக் கையால் அசைத்துப் பார்த்தார். வலது கேனை அசைத்துப் பார்த்தார். எங்கள் தெருப் பால் நாலைந்து லிட்டர்தான் அதில் இருந்தது, இடது கேனில் அதைவிடக் கூடுதல்.

மாதப்பன், "அது இல்ல, இந்தப் பக்கம்" என்றார்.

"தெரியுது. இனிமே எது லேசா இருக்குதோ அதுலதான் ஊத்துவன். நேத்து எம் பாலு ரோட்டுக்குப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே ராணியம்மாள் வலது கேனில் பாதியை ஊற்றினார். மீதியை இடது கேனில் ஊற்றினார். பிறகு கணவரைப் பார்த்து, "பதினொண்ணு, எழுதுங்க" என்றார்.

மாதப்பன் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு எழுதினார். மேலத்தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் பால் ஊற்றாமலேயே சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் இன்றைக்கும் டீக்கடைக்குத்தான் ஊற்றுகிறார்கள். மற்றவர்கள் ராணியம்மாளுக்குப் பின்னால் வந்தார்கள்.

அன்றைக்கு சின்னப்பராஜ் அண்ணன் ஏரிக்கரையில் நிற்கவில்லை. கல்லோடைப் பள்ளத்தில் இறங்கித் தள்ளும்போது மட்டும், ஓடைக்குள் கிடந்த குழவியைப் பார்த்தார். திரும்பி வரும்போது அதைத் தூக்கிக் காலி கேனோடு கட்டிக்கொண்டு வந்து ரோசம்மாவிடம் கொடுத்தார். ஒரு முனையில் சில்லு பெயர்ந்திருந்தது. அதோடேயே மாவாட்டுகிறார்கள்.

கறுத்த ரிம் இன்னும் ஓடுகிறது. மகளுக்கு அந்த வருஷம் கவுன் தைக்கவில்லை, பெரியம்மா மகளின் பழைய கவுனைத்தான் போட்டுக்கொண்டாள். இப்போதும் அந்தப் பள்ளம் வந்தால், கூட வருகிறவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தாலும், அண்ணன் கையைக் காட்டிப் பேச்சை நிறுத்திவிட்டு, சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். மறுபக்கம் மேடு ஏறிய பிறகுதான் பதில் சொல்வார்.