எதிர்ப்பே இல்லாத தலைவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் மதில் முடிகிற இடத்தில் ஆதிநாராயணனின் ஊராட்சி தொடங்கும். அவர் தலைவராக இருந்தபோது கிராம சபை நடத்திய வேகத்தைப் பார்த்தவர்கள், மனிதர் ரயிலைப் பிடிக்கப் போகிறார் என்றே நினைத்திருப்பார்கள். தீர்மானத்தைப் படிப்பார், "எல்லாருக்கும் சம்மதந்தான?" என்பார், யாராவது வாயைத் திறப்பதற்குள் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார். இப்போது அதை அவரே டீக்கடையில் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்.

அந்தச் சபையைப் பார்க்க வெளிநாட்டு எம்.பி.க்கள் வருவதாக ஒருநாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து டெல்லிக்குச் சட்டம் எழுதும் பயிற்சிக்கு வந்தவர்கள். ஊர் மட்டத்தில் முடிவு எப்படி எடுக்கிறார்கள் என்று நேரில் காண வேண்டுமாம். இத்தனை ஊராட்சிகளில் தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஆதிநாராயணன் யோசிக்கவே இல்லை. திறமைதான் காரணம் என்று உடனே புரிந்துவிட்டது. நெடுஞ்சாலையிலிருந்து திரும்பியதும் வருகிற முதல் ஊர் அது என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

கண்ணாடி முன் நின்று இங்கிலீஷ் பழகினார்.

"யாராண்ட பேசிக்கினு கீற?" என்றாள் மனைவி செங்கம்மாள்.

"டெல்லிலயே கத்துக்காதத நம்மகிட்ட கத்துக்க வராங்க. சும்மா இரு."

மார்ச்சில், உலகத் தண்ணீர் தினத்தன்று சபை கூடியது. ஆதிநாராயணன் படித்த முதல் தீர்மானம், ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்டுவது. தலைவர் பெயரும் அதில் பொறிக்கப்படும். "சம்மதந்தான?" என்று வழக்கம்போல் தாண்டப் போனார்.

வந்தவர்களில் மூத்த அம்மையார் கையை உயர்த்தி ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்த பூமிகா என்ற இளம் அதிகாரி, "யாராவது எதிர்த்தாங்களான்னு கேக்கறாங்க சார்" என்றாள்.

ஆதிநாராயணன் நெஞ்சை நிமிர்த்தி நேராகவே பதில் சொன்னார்: "நோ அப்போசிஷன் மேடம்! நெவர்!"

அம்மையார் மெல்லத் தலையாட்டிச் சொன்னதைப் பூமிகா தயங்கித் தயங்கித் தமிழாக்கினாள். "அவங்க நாட்டுல முன்ன ஒருத்தர் ஆண்டாராம். அவருக்கும் எதிர்ப்பே இல்லியாம்."

ஆதிநாராயணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார். கூட்டம் சிரித்த பிறகுதான் உறைத்தது. மானம் போகாமலிருக்க, "ஆட்சேபம் இருந்தா சொல்லுங்கப்பா" என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார்.

கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஈஸ்வரி எழுந்தாள்.

"ஏரி மதகு ஒடஞ்சு தண்ணி நிக்கவே மாட்டேங்குது. நீ வளைவு கட்டி இன்னா பண்ணப் போற தலைவரே? மொதல்ல மதகக் கட்டு."

கை தூக்கச் சொன்னார்கள். மதகுக்குக் கைகள் காடாய் எழுந்தன. அந்தக் காட்டில் செங்கம்மாளின் வளையல் கையும் இருந்தது.

"நீயுமா?"

"நம்ம நெலத்துக்கும் அந்தத் தண்ணிதான வருது?"

விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தங்களுக்காக ஒத்திகை பார்த்து வைத்த நாடகம் என்று நினைத்தார்களோ என்னவோ. "மதகு சரிசெய்யப்பட வேண்டும்" என்று ஆதிநாராயணன் எழுதச் சொன்னதை அம்மையார் மறுபடி நிறுத்தினார். யார் செய்வது, எந்த மாதத்துக்குள், செய்யாவிட்டால் யாரைக் கேட்பது? இதெல்லாம் இல்லாவிட்டால் அது வெறும் ஆசைதான் என்று போன வாரம் டெல்லி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம். ஈஸ்வரி ஒவ்வொன்றாகச் சொல்ல, பூமிகா இரு பக்கமும் மொழிபெயர்க்க, தீர்மானம் திருத்தி எழுதப்பட்டது. கடைசி வரி, 'ஆவணிக்குள் முடியாவிட்டால் தலைவர் அடுத்த சபையில் பதில் சொல்ல வேண்டும்.' டெல்லிப் பாடம் ஆப்பிரிக்கா போய்ச் சேருமுன் தன் கழுத்தில் வந்து விழுந்ததே என்று ஆதிநாராயணன் நொந்துகொண்டார்.

பதில் சொல்ல நேர்ந்துவிடுமோ என்ற பயத்திலேயே தினமும் ஒன்றிய அலுவலகத்துக்கு அலைந்தார். ஆடி முடியுமுன் புது மதகு எழுந்து நின்றது. அந்த ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதைப் படமெடுத்துப் பூமிகா மூலம் அம்மையாருக்கு அனுப்பினார். தங்கள் நாடாளுமன்றத்தில் தாம் கொண்டுவந்த மசோதா தோற்றுவிட்டதாகவும், திருத்தி மறுபடி கொண்டுவரப் போவதாகவும் அவர் பதில் எழுதியிருந்தார்.

எம்.பி.யே தோற்கிறார் என்று தெரிந்ததில் ஆதிநாராயணனுக்கு ரொம்ப ஆறுதல். அதற்குப் பிறகு அவர் நடத்திய சபைகள் உச்சி வெயில் வரை நீண்டன. பாதித் தீர்மானங்களில் அவரே தோற்றார்.