நாலாவது குளம்பு

நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. 2012ஆம் ஆண்டு, பாரிஸ், லா சப்பல் பகுதி, ரூ பஜோல் என்ற தெரு. எங்கள் வீடு மூன்றாம் மாடி. அந்தப் படிகளில் இன்றைக்கும் நான் தனியே ஏறுவதில்லை.

வீட்டில் மூன்று பேர். அம்மா கௌரிக்கு ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை. அண்ணா உதயன் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினான். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். பகலெல்லாம் நான் மட்டும்தான்.

அண்ணா இங்கேயே பிறந்தவன். அம்மாவோடு பேசும் தமிழ்தான் அவன் தமிழ். கோயில் தமிழ் அவனுக்குத் தெரியாது. நவராத்திரி முடிவில் கோயிலில் மானம்பூத் திருவிழா. வாழை வெட்டும் திருவிழா அது. அவன் காதில் அது 'மான் அம்பு' என்று விழுந்திருக்கிறது.

"மானுக்கு அம்பு விடுறதுதானே? எங்கடை சாமியும் வேட்டைக்காரர்தான்."

"அங்கை வெட்டுறது வாழை, அண்ணை."

"வாழை ஓடாது. அதிலை என்ன முசுப்பாத்தி?"

இதையே தன் முதலாளி லூசியனிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான், எங்கள் கோயிலிலும் மான் வேட்டைத் திருநாள் உண்டென்று. லூசியன் குதிரைகளும் நாய்களுமாக மானைத் துரத்தும் கூட்டம் ஒன்றில் இருப்பவர். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பாரிசுக்கு வடக்கே உள்ள காட்டுக்கு அண்ணாவை விருந்தாளியாகக் கூட்டிப்போனார்.

திரும்பி வந்தபோது அண்ணாவின் கையில் ஒரு பொட்டலம். பிரித்தான். கலைமானின் வலது முன்னங்கால்.

"இது மரியாதை. முக்கியமான ஆளுக்குத்தான் குடுப்பினம். எனக்குத் தந்தவை."

அன்று கந்தசஷ்டி. அம்மா விரதம். "செத்த காலோடை வீட்டுக்குள்ளை வாறியோ? கொண்டுபோய் எறி!"

"ஏலாது. எல்லாரும் எனக்குக் கை தட்டினவை, அம்மா. இஞ்சை ஆர் எனக்குக் கை தட்டினது?"

அம்மா சாமி விளக்கை ஏற்றப் போனாள்.

என்னிடம் மட்டும் முழுவதையும் சொன்னான். நான்கு மணி நேரம் துரத்தினார்களாம். ஓட முடியாமல் மான் ஒரு குளத்தில் இறங்கியதாம். கழுத்து மட்டும் வெளியே. "ஒருக்கா எங்களைப் பாத்தது" என்றான்.

"இறைச்சி?"

"நாயளுக்கு."

"அப்ப ஒருத்தருக்கும் பசியில்லையோ?"

"உனக்கு விளங்காது. மானுக்கும் தப்புறதுக்கு வழி விடுறவை."

"தப்பினா அதுக்கு என்ன குடுப்பினம்?"

அவன் ஆணியை எடுத்தான். காலைப் பலகையில் அடித்துத் தன் அறைச் சுவரில் மாட்டினான்.

அடுத்த கிழமை, செவ்வாய். மாலை நாலே முக்கால். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. படியில் ஏதோ சத்தம்.

டொக். டொக். டொக். பிறகு ஓர் இடைவெளி.

டொக். டொக். டொக். மறுபடியும் அதே இடைவெளி...

கீழ்வீட்டு மர்கரீத் கிழவியின் கைத்தடி என்று நினைத்தேன். கதவுத் துளையால் பார்த்தேன். ஆள் வந்தால் தானாக எரியும் படிவிளக்கு எரியவில்லை. சத்தம் மட்டும் ஏறி வந்தது. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி.

எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது.

மூச்சிரைக்கும் ஒலி. கதவின் அடியால் நனைந்த இலைகளின் வாசம். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து அண்ணாவின் அறைக்குள் போய்விட்டேன்.

சுவரிலிருந்த கால் நனைந்திருந்தது. சொட்டுச் சொட்டாக நிலத்தில் தண்ணீர்.

தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

அதன் பிறகு அண்ணா மாறிப்போனான். நித்திரையில் அவன் கால்கள் ஓடின. வேலையால் வரும்போது இரைத்துக்கொண்டு வந்தான். "மெத்ரோவிலை பின்னாலை நாய்..." என்று தொடங்குவான். நிறுத்திவிடுவான். மார்கழி தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, நாளைக்கு மறுபடியும் வேட்டை என்றான்.

"போகாதை, அண்ணை. அது உன்னைத் தேடி வந்தது. நான் கேட்டனான்."

"விசரி. பள்ளிக்கூட வாசலுக்கே பயந்தவள் எனக்குக் காடு காட்டுறாள்."

"உன்ரை காலிலை விழுறன். போகாதை."

உண்மையாகவே விழுந்தேன். என்னைத் தூக்கிவிட்டவன் ஒருமுறை வாசல்கதவைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் பயம்தான்.

"போகாட்டி நான் திரும்பவும் வெறும் கோப்பை கழுவுறவன்தான்," என்றான் மெதுவாக.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே போய்விட்டான்.

பத்தரைக்குப் போன் அடித்தது. அண்ணாவின் இலக்கம்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் கொம்பு ஊதும் ஓசை. நாய்கள். எத்தனையோ நாய்கள்...

"தங்கச்சி... கலைக்கினம்... துரத்துகினம்..."

"ஆரை?"

"என்னை..."

"ஆக்களிட்டை ஓடு, அண்ணை! கத்து!"

"கத்துறன்... பாக்கினம்... சிரிக்கினம்..."

தண்ணீர் கலங்கும் சத்தம்.

"அண்ணை!"

ஒன்றுமில்லை.

பிறகு...

நிறையப் பேர் கை தட்டினார்கள்.

வெளியாட்களோடு பேச வாய் வராத நான் காவல்துறைக்குப் போன் எடுத்துக் கத்தினேன். பின்நேரம் அவனைக் கண்டுபிடித்தார்கள். குளத்தில். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஓடி ஓடியே இதயம் நின்றிருக்கிறது என்றார் மருத்துவர்.

செத்தவீடு முடிந்து லூசியன் வந்தார். தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்றைக்கு வேட்டையே நடக்கவில்லை. தரை உறைந்துபோய் இருந்தது, குதிரைகள் வழுக்கும். முதல் நாள் இரவே எல்லோருக்கும் அறிவித்தோம். உதயனிடமும் சொன்னேன். சரி என்றான். நாய்கள் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை."

நான் போனில் கேட்டதைச் சொன்னேன். அவர் தொப்பியை உருட்டுவதை நிறுத்தினார்.

பொலிசார் அவருக்குத் தடங்களைக் காட்டினார்களாம். உறைபனியில் ஒரே ஒரு ஆளின் சப்பாத்துத் தடம். நாய்த் தடம் இல்லை, குதிரைத் தடம் இல்லை. அது நேராக ஓடவில்லை. ஓரிடத்தில் திரும்பி, தான் வந்த தடத்திலேயே பின்னுக்கு வந்திருந்தது. பிறகு பக்கவாட்டில் ஒரு பெரிய பாய்ச்சல். பிறகு குளம்.

"நாய்களுக்கு மணம் பிடிபடாமல் இருக்கக் கலைமான் அப்படிச் செய்யும்," என்றார் லூசியன். "வேறு வழியே இல்லாத கடைசி நேரத்தில்."

கதவருகே போய் நின்றார்.

"அதை நான் அவனுக்குச் சொன்னதே இல்லை."