புரையேறாத தண்ணீர்

பக்கவாதம் வந்த அப்பாவைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து கடலூர் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"நாம முழுங்கும்போது குரல்வளை மேல ஏறும், ஒரு மூடி வந்து மூச்சுக்குழாய அடைக்கும். மீறி ஒரு சொட்டு உள்ள போனா இருமல் வெளிய தள்ளிடும். உங்க அப்பாவுக்கு மூடியும் சரியா மூடல, இருமலும் வரல. தண்ணி குடுத்தா நுரையீரலுக்குத்தான் போகும். எதுவா இருந்தாலும் கூழ் மாதிரி கெட்டியா குடுங்க."

மூன்று வாரம் நான் வெறும் தண்ணீர் கொடுக்கவில்லை. பெற்ற அப்பா "தண்ணி, தண்ணி" என்று கெஞ்சினார், கல்லாக நின்றேன். முகவாயைத் தாழ்த்திப் பிடித்து, கெட்டிக் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். ஒரு நாள் என் விரலைக் கடித்தார். நானும் வள்ளென்று விழுந்தேன்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து அவர் தங்கை, என் அத்தை, பார்க்க வந்தார். நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து முடித்திருந்தார்.

"மடக்கு மடக்குனு குடிச்சாரு. ஒரு தரம் புரையேறுச்சா பாரு. பாவி, வாயக் கட்டி வச்சிருக்கியே."

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் நெஞ்சு முழுக்கச் சளியோடு போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தை, "நான் குடுத்த தண்ணியிலதான் அண்ணன் மனசு குளுந்துச்சு. பொண்ணு ஒரு வாய் குடுக்கல" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கருமாதிச் சாப்பாட்டில் அத்தைக்கு ரசம் புரையேறியது. கண்ணில் நீர் வர இருமி, உச்சந்தலையைத் தட்டிக்கொண்டே, "எங்கண்ணந்தான் நெனைக்குது" என்று சொல்லி அடுத்த வாய் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

பரிமாறிக்கொண்டிருந்த நான் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"நெனைக்காம இருப்பாரா அத்தை. உங்களுக்கு இருமல் வருது, வெளிய தள்ளிடுச்சு. அவருக்கு வரல. நீங்க குடுத்த சொம்புத் தண்ணி நுரையீரலுக்குப் போயிடுச்சு. அதுலதான் செத்தாரு."

அத்தையின் கை இலையிலேயே நின்றது. வாயிலிருந்த சோற்றை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எனக்கு அது போதவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.